பேக்ஹேண்ட்: பந்து நெட்டைத் தாண்டும் முன்பே தோள் திரும்பட்டும்

பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் சாயங்காலம் டென்னிஸ் ஆடுகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். வலது கைக்காரர் ஒருவருக்கு இடது பக்கம் பந்து வருகிறது. அவர் அந்தப் பந்தைச் சுற்றிக்கொண்டு ஓடி, எப்படியாவது வலது பக்கத்துக்கு மாற்றி ஃபோர்ஹேண்டில் அடிக்கப் பார்க்கிறார். ஓட நேரம் இல்லாதபோது ராக்கெட்டை ஒப்புக்கு நீட்டுகிறார். பந்து நெட்டில் விழும், இல்லையென்றால் வேலிக்கு வெளியே போகும். "எனக்கு பேக்ஹேண்ட் வராது" என்று அவரே முடிவுகட்டியும் விடுவார்.

வரும். நன்றாகவே வரும். பேக்ஹேண்ட் ஒரு வகையில் ஃபோர்ஹேண்டைவிட எளிமையான அடி. ஆரம்ப நிலையில் ஆடுகிறவர்களுக்கு அது கெட்டுப்போவதற்குக் கையில் பலம் போதாததைப் பலர் காரணமாகச் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் தாமதம்தான். உடம்பு திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்புவதில்லை. பிடி, வீச்சு, காலடி என்று மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வலது கைக்காரருக்கு உடம்பின் இடது பக்கம் வரும் பந்தை, வலது புறங்கை நெட்டைப் பார்த்தபடி அடிப்பது பேக்ஹேண்ட். இனி எல்லாவற்றையும் வலது கைக்காரரை வைத்தே சொல்கிறேன். இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எளிமை என்று ஏன் சொல்கிறேன்? ஃபோர்ஹேண்ட் அடிக்கத் திரும்பி நிற்கும்போது, அடிக்கும் கை பின்பக்கத் தோளில் இருக்கிறது. அது உடம்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் வர வேண்டும். இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் வரிசை தப்பாமல் வந்தால்தான் அடி சரியாக விழும். பேக்ஹேண்டில் நீங்கள் திரும்பிய உடனே வலது தோள் நெட்டுப் பக்கம் வந்துவிடுகிறது. கை உடம்பைவிட்டு வெளியே விரிகிறது, குறுக்கே தடுக்க எதுவும் இல்லை. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் டென்னிகாய்ட் ஆடியவர்களுக்கு இது ஏற்கெனவே கையில் இருக்கிறது. ரப்பர் வளையத்தை இடது இடுப்பிலிருந்து எதிர்ப்பக்கம் வீசுவார்களே, அந்த வீச்சுதான் ஒற்றைக் கை பேக்ஹேண்ட். வளையத்துக்குக் கடைசியில் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுவார்கள். டென்னிஸில் அது மட்டும் கூடாது.

சரி, தாமதம் எங்கே வருகிறது? இரண்டு பேர் நிதானமாக அடித்து ஆடும்போது, அந்தப் பக்கம் அடித்த பந்து உங்களிடம் வந்துசேர ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும். இது நிறைய நேரம். ஆனால் பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தில் முக்கால்வாசியைப் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்று செலவழித்துவிடுகிறார்கள். பந்து தரையில் குத்திய அப்புறம்தான் ராக்கெட் பின்னால் போகத் தொடங்குகிறது. அங்கிருந்து உங்களை எட்ட அரை நொடி அளவுதான் இருக்கும். அதற்குள் உடம்பைத் திருப்பி, ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோய், மறுபடி முன்னால் கொண்டுவருவது நடக்காத காரியம். அதனால் உடம்பு அப்படியே நிற்க, கை மட்டும் பதறிக்கொண்டு வருகிறது. ஃபோர்ஹேண்டில் கொஞ்சம் தாமதமானாலும் மணிக்கட்டை வளைத்து எப்படியோ சமாளித்துவிடலாம். பேக்ஹேண்டில் அந்தச் சலுகை கிடையாது. பந்து உடம்பைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால் கையில் தெம்பே இருக்காது.

எங்களிடம் சாயங்காலம் பழக வந்த பையன் ஒருவன் பூப்பந்து (பால் பேட்மின்டன்) ஆடி வந்தவன். தென்மாவட்டங்களில் பூப்பந்துப் பழக்கம் உள்ள பிள்ளைகள் நிறைய. ஓட்டமும் கண்ணும் அவனுக்கு அபாரம். பேக்ஹேண்ட் மட்டும் ஒவ்வொன்றும் வானத்துக்குப் போனது. பந்தைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து குத்துகிற வரைக்கும் ராக்கெட் அவன் வயிற்றுக்கு முன்னால் அசையாமல் இருந்தது, இடது கை சும்மா தொங்கியது. பந்து பக்கத்தில் வந்ததும் மணிக்கட்டை ஒரு வெட்டு. பூப்பந்தில் அது செல்லும். அந்தப் பந்து 27 முதல் 30 கிராம்தான், தரையில் குத்தவும் விடமாட்டார்கள். டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம். ஏறக்குறைய இரண்டு மடங்கு கனத்தை மணிக்கட்டு மட்டும் தாங்காது, ராக்கெட்டின் முகம் மேலே திரும்பிவிடும்.

"ஏலே, பந்து குத்துன பொறவு திரும்பாத. அவன் அடிச்ச சத்தம் கேட்ட ஒடனே தோளு திரும்பிரணும்" என்றேன்.

"ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டானு அதுக்குள்ள எப்படி சார் தெரியும்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. எதிராளியின் ராக்கெட்டைவிட்டுப் பந்து கிளம்பிய முதல் சில அடிகளிலேயே இடமா வலமா என்பது தெரிந்துவிடும். எங்கே குத்தும், எவ்வளவு எழும்பும் என்பதெல்லாம் மெதுவாகத் தெரியட்டும். பக்கம் தெரிந்தால் போதும், தோளைத் திருப்பிவிடலாம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. எதிராளியின் ராக்கெட் பந்தைத் தொடும் நேரத்தில் நீங்கள் இருந்த இடத்திலேயே சின்னதாக ஒரு குதி குதித்து, இரண்டு காலையும் அகட்டி ஊன்றுங்கள். ஸ்ப்ளிட் ஸ்டெப் என்று கோச்சுகள் சொல்வது இதைத்தான். கால் தரையில் பதியும்போது கண்ணுக்குப் பக்கம் தெரிந்திருக்கும், உடம்பும் தயாராக இருக்கும். பந்து நெட்டைத் தாண்டும்போது உங்கள் வலது தோள் நெட்டைப் பார்த்திருக்க வேண்டும், தாடை அந்தத் தோளுக்கு மேலே இருக்க வேண்டும்.

இடது கைக்கு இங்கே பெரிய வேலை. காத்திருக்கும்போது அது ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்திருக்கட்டும். திரும்பும்போது ராக்கெட்டைப் பின்னால் இழுப்பது இடது கைதான். அது இழுத்தால் தோள் தானாகத் திரும்பும். வலது கையால் இழுத்தால் கை மட்டும் போகும், தோள் அங்கேயே நிற்கும். அந்தப் பையனுக்கு நான் மாற்றச் சொன்னது இந்த ஒன்றைத்தான். மணிக்கட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நேரம் கிடைத்ததும் அந்த வெட்டு தானாகக் குறைந்துவிட்டது.

இடது கைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ராக்கெட்டின் கழுத்தை அது பிடித்துக்கொண்டிருக்கும்போதே வலது கை பிடியை மாற்றிக்கொள்ளலாம். ராக்கெட் கைப்பிடியைக் குறுக்காகப் பார்த்தால் எட்டுப் பட்டை இருக்கும். ராக்கெட்டின் முகம் தரைக்குச் செங்குத்தாக நிற்கும்படி பிடித்தால் மேலே தெரிவது முதல் பட்டை. அங்கிருந்து வலது பக்கமாக எண்ணிக்கொண்டு போகலாம். ஆள்காட்டி விரல் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் இருக்கும் கணு எந்தப் பட்டையில் உட்காருகிறது என்பதை வைத்துத்தான் பிடிக்குப் பெயர். மூன்றாம் பட்டையில் இருந்தால் ஈஸ்டர்ன் ஃபோர்ஹேண்ட், இரண்டாம் பட்டையில் கான்டினென்டல், முதல் பட்டையில் ஈஸ்டர்ன் பேக்ஹேண்ட். ஃபோர்ஹேண்ட் பிடியிலேயே பேக்ஹேண்டும் அடிக்கிறவர்களுக்கு ராக்கெட் முகம் வானத்தைப் பார்க்கும், அதைத் திருத்த மணிக்கட்டை மடக்குவார்கள். வலிக்கு முதல் படி அதுதான். ஒற்றைக் கையில் டாப்ஸ்பின், அதாவது பந்து முன்பக்கமாகச் சுழலும் அடி, அடிக்க முதல் பட்டைக்கு வாருங்கள். இரண்டு கையில் அடிக்க, அடியில் இருக்கும் வலது கை கான்டினென்டலில், அதற்கு மேலே இடது கை, இடது கைக்காரர் ஃபோர்ஹேண்டுக்குப் பிடிப்பதைப் போல.

ஒற்றைக் கையா, இரண்டு கையா? புதிதாகத் தொடங்குகிறவர்கள், அதிலும் பிள்ளைகள், இரண்டு கையிலேயே தொடங்கட்டும். 1970களில் கிறிஸ் எவர்ட்டும் பியோர்ன் போர்க்கும் ஜிம்மி கானர்ஸும் வென்ற வெற்றிகளால்தான் இரட்டைக் கை பேக்ஹேண்ட் உலகம் முழுக்கப் பரவியது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கையால் ராக்கெட்டைச் சமாளிக்கப் பலம் போதாமல்தான் எவர்ட் இரண்டு கையில் பிடித்தார். பிறகு அதே அடியை வைத்து பிரெஞ்சு ஓப்பனை 7 முறை வென்றார். அதற்கு முந்தைய காலத்தில் ஒற்றைக் கைதான் வழக்கம். பக்கத்து நாகர்கோவிலில் பிறந்து 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை போன ராமநாதன் கிருஷ்ணன் அந்தக் காலத்தவர்தான். 2024 பிப்ரவரியில் ஆண்கள் தரவரிசையின் முதல் பத்து இடங்களில் ஒற்றைக் கை பேக்ஹேண்ட்காரர் ஒருவர்கூட இல்லாமல் போனார். 1973இல் தரவரிசை தொடங்கியதிலிருந்து அப்படி ஆனது அதுதான் முதல் முறை. பார்க்க ஒற்றைக் கை அழகுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தாமதத்தை அது கொஞ்சமும் பொறுக்காது. இரண்டு கையில் இடது கை பின்னாலிருந்து தள்ளுவதால், பந்து சற்றுப் பக்கத்தில் வந்துவிட்டாலும் அடித்துவிடலாம்.

கிரிக்கெட் ஆடி வருகிறவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வலது கை பேட்ஸ்மேன் பிடிக்கும்போது இடது கை பேட்டின் நுனிப் பிடியில் இருக்கும், வலது கை அதற்குக் கீழே. இரட்டைக் கை பேக்ஹேண்டில் அது நேர்மாறு. இடது கை பேட்ஸ்மேனின் பிடியும் நிற்கும் பக்கமும்தான் இதற்குச் சரி. பழக்க தோஷத்தில் கை மாறிப் பிடிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்க்கலாம். முதல் நாளே திருத்திவிடுங்கள்.

அடுத்தது பந்தைச் சந்திக்கும் இடம். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் சுவரில் தெரிந்துகொள்வது சுலபம். ஒரு சுவர்ப்பக்கம் வலது தோளைக் காட்டி நில்லுங்கள். ராக்கெட் முகத்தைச் சுவரில் வைத்து, பேக்ஹேண்ட் அடிப்பதுபோல அழுத்துங்கள். முதலில் சுவருக்கு ஒட்டினாற்போல நின்று, ராக்கெட் உங்கள் வயிற்றுக்கு நேராக இருக்கும்படி அழுத்திப் பாருங்கள். முழங்கை மடங்கும், மணிக்கட்டு நோகும், அழுத்தவே வராது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி, ராக்கெட் உங்களுக்கு முன்னால் வரவர மறுபடி மறுபடி அழுத்துங்கள். ஒரு இடத்தில் கை நீண்டு, தோளும் முதுகும் இடுப்பும் சேர்ந்து தள்ளுவது தெரியும். அதுதான் உங்கள் இடம். ஒற்றைக் கைக்கு அது முன்காலுக்கு, அதாவது வலது காலுக்கு, ஏறக்குறைய ஒரு அடி முன்னால் இருக்கும். இரண்டு கைக்கு அதைவிடச் சற்றுப் பக்கத்தில், முன்காலை ஒட்டி. உயரம் இடுப்பளவு.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இதே கணக்குதான். ரோஜர் ஃபெடரரின் பேக்ஹேண்டை ரஃபேல் நடால் பல வருஷம் படுத்தி எடுத்தார். நடால் இடது கைக்காரர். அவருடைய டாப்ஸ்பின் பந்து குறுக்கே வந்து ஃபெடரரின் தோள் உயரத்துக்கு எழும்பும். அந்த உயரத்தில் ஒற்றைக் கைக்குப் பலம் கிடையாது. 2017 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் ஃபெடரர் பின்வாங்கி நிற்காமல் முன்னால் வந்து, பந்து எழும்பிக்கொண்டிருக்கும்போதே பேக்ஹேண்டில் அடித்தார். ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கியிருந்தவர் அதை 6-3 என்று வென்றார். அப்போது அவருக்கு வயது 35. 2014இல் அவர் 90 சதுர அங்குல முகமுள்ள ராக்கெட்டை விட்டு 97 சதுர அங்குலத்துக்கு மாறியதும் உதவியது. ஆனால் அன்று பார்த்தவர்கள் கண்ணில் நின்றது, அவர் பந்தை எவ்வளவு முன்னால், எவ்வளவு சீக்கிரம் எடுத்தார் என்பதுதான்.

வீச்சு பின்னாலிருந்து முன்னால் மட்டும் போனால் போதாது, கீழிருந்து மேலேயும் போக வேண்டும். நெட் நடுவில் 3 அடி, கம்பங்களில் மூன்றரை அடி. ராக்கெட்டின் தலை பந்துக்குக் கீழே இருந்து கிளம்பினால் பந்து முன்பக்கமாகச் சுழன்று, நெட்டுக்கு மேலே இரண்டு மூன்று அடி உயரத்தில் போய்க் கோர்ட்டுக்குள் இறங்கும். கீழே போவதற்கு முழங்காலை மடக்குங்கள், கையை மட்டும் தாழ்த்தாதீர்கள். ஒற்றைக் கையில் அடித்து முடிக்கும்போது இடது கை பின்னால் விரிந்து நிற்கட்டும். அது தோள் அவசரப்பட்டு நெட்டுப் பக்கம் திறந்துவிடாமல் பிடித்துவைக்கும். இரண்டு கையில் ராக்கெட் வலது தோளுக்கு மேலே வந்து முடியும்.

எங்கே அடிப்பது என்று யோசிக்காதீர்கள், குறுக்கே அடியுங்கள். கோர்ட்டின் நீளம் 78 அடி, ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 27 அடி. மூலைக்கு மூலை அளந்தால் 82 அடிக்கு மேலே வரும். கூடுதலாக நாலடிக்கு மேல் இடம் கிடைக்கிறது, பந்தும் நெட் தாழ்ந்திருக்கும் நடுப்பக்கமாகப் போகிறது. கோட்டோரம் அடிப்பது அப்புறம் வரட்டும்.

ஸ்லைஸ் என்பது மேலிருந்து கீழாக, முகத்தைச் சற்றுத் திறந்துவைத்து, பந்தின் அடிப்பாகத்தை வழித்துக்கொண்டு போகும் அடி. கான்டினென்டல் பிடி. பந்து பின்பக்கமாகச் சுழலும், குத்திய பிறகு தாழ்வாகவே போகும். ஆபத்துக்கு உதவும் என்பதால் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதையே முதலில் பிடித்துக்கொண்டால் டாப்ஸ்பின் பக்கம் போகவே மாட்டீர்கள், தாமதத்தோடு வாழப் பழகிவிடுவீர்கள்.

நம் பக்கத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு, காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்றைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்பது அதற்காகத்தானே. கண்ணில் வெயில் படாமலிருக்க டென்னிஸ் கோர்ட்டைப் பொதுவாகத் தெற்கு வடக்காகப் போடுவார்கள். அதனால் மேல்காற்று கோர்ட்டுக்குக் குறுக்கே அடிக்கும். நீங்கள் தெற்குப் பக்கம் நின்று வடக்கே பார்த்து ஆடினால், உங்கள் பேக்ஹேண்டுக்கு வரும் பந்தைக் காற்று உடம்போடு ஒட்டத் தள்ளும். பக்கம் மாறி வடக்கே போனால் அதே பந்து உடம்பைவிட்டு விலகிப் போகும். முதல் பக்கத்தில் இடது பக்கமாக விலகி ஓடாமல், பந்து உங்களிடம் வரும் என்று நம்பிச் சற்று வலப்பக்கமே நில்லுங்கள். மறுபக்கத்தில் கடைசி நேரத்தில் கையை நீட்டாமல் ஒரு அடி கூட எடுத்துவையுங்கள். இரண்டுக்குமே சின்னச் சின்னக் காலடிகள்தான் மருந்து. காற்று நாளில் தோளைச் சீக்கிரம் திருப்பியவர் மட்டும்தான் கடைசி நேரத்தில் காலை நகர்த்த முடியும்.

நாற்பது வயசுக்கு மேல் ஆட வருகிறவர்களுக்கு முழங்கை வலி முக்கியமான விஷயம். எங்களோடு ஆடும் அண்ணாச்சி ஒருவர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், காலையில் காபி டம்ளரைத் தூக்கினாலே முழங்கையின் வெளிப்பக்கம் சுள்ளென்று இழுக்கிறது என்றார். டென்னிஸ் எல்போ. டென்னிஸே ஆடாதவர்களுக்கும் நிறைய வருகிற வலிதான், ஆனால் ஆடுகிறவர்களுக்குத் தாமதமான ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஒரு முக்கியக் காரணம். மணிக்கட்டு உள்பக்கம் மடங்கியிருக்கும்போது பந்து மோதினால், அந்த அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைநாண் முழங்கை எலும்போடு சேரும் இடத்தில் போய் இறங்கும். "அண்ணாச்சி, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க, டாக்டரைப் பாருங்க, அப்புறம் இரண்டு கையில ஆடிப் பாருங்க" என்றேன். இரண்டு கையில் ஆடுகிறவர்களுக்கு இது குறைவு. ராக்கெட்டில் நரம்பு இழுப்பைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டச் சொல்வதும் நல்லது. வியர்வையில் வழுக்குகிறதென்று பிடியை இறுக்கிக்கொண்டே போவதும் கையைக் கெடுக்கும். நம் வெயிலுக்குக் கைப்பிடியின் மேல்சுற்று நாடாவை அடிக்கடி மாற்றிக்கொள்ளுங்கள்.

பழகுவதற்குக் கோர்ட்டே வேண்டும் என்றில்லை. முதல் வாரம் பந்தே வேண்டாம். டென்னிகாய்ட் வளையம் கிடைத்தால் இடது இடுப்பிலிருந்து வீசிப் பழகுங்கள், தோள் திரும்புவது பிடிபட்டுவிடும். அடுத்து ஒரு ஆள் பக்கத்தில் நின்று கையால் பந்தைத் தூக்கிப் போடட்டும். பந்து அவர் கையைவிட்டுக் கிளம்பும்போது நீங்கள் வாய்விட்டு "திரும்பு" என்று சொல்லுங்கள். சொல்லும்போது தோள் திரும்பியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வேகம் குறைந்த பந்துகள் தனியாகவே கிடைக்கின்றன. சிவப்புப் பந்து சாதாரணப் பந்தைவிட 75 சதவீதம் மெதுவானது, ஆரஞ்சு 50, பச்சை 25. அவை கிடைக்காவிட்டால் காற்றுப் போன பழைய பந்து போதும்.

சுவர்ப் பயிற்சிக்குப் பூச்சு உதிராத எந்தச் சுவரும் சரி. 3 அடி உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள், அதற்கு மேலே அடியுங்கள். சுவரிலிருந்து பந்து சீக்கிரம் திரும்பி வரும் என்பதால் முதலில் இரண்டு முறை குத்தவிட்டு அடியுங்கள். ஒரு குத்தில் அடிக்கும் ஆசையில் கை மறுபடி பதற ஆரம்பித்தால் பின்னால் தள்ளி நில்லுங்கள். பத்துப் பந்தில் ஏழெட்டு கோட்டுக்கு மேலே ஒரே இடத்தில் படத் தொடங்கிய பிறகு ஜோடி பிடித்துக் கோர்ட்டில் குறுக்கே பேக்ஹேண்ட் மட்டும் அடித்து ஆடுங்கள். வேகத்தைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் தாமதம் திரும்ப எட்டிப் பார்க்கும். அப்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டு, எதிராளியின் ராக்கெட்டில் பந்து படும் சத்தத்தில் தோளைத் திருப்புவதை மட்டும் ஒரு பத்து நிமிஷம் கவனியுங்கள்.